தீய்ந்த ரொட்டி

அன்புள்ள அக்கா,
கலியாணமாகி ஏழு வருடம். அதற்கு முன் ஹட்டன் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம்கூடக் கவிதை எழுதியவன் நான். இப்போது வந்ததெல்லாம் இது ஒன்றுதான்: ‘நிலவு தேய்ந்தது / நதி வற்றியது / நாமும்.’ ஹைக்கூவுக்கு மூன்று அடி கட்டாயமா? காதல் தீர்ந்தால் கவிதையும் தீர்ந்துவிடுமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அடிக்கணக்கை விடுங்கள், அதைச் சொல்ல ஆட்கள் நிறைய. எனக்குக் கோபம் உங்கள் மூன்று வரியில்தான். மகாவலி ஆறு பிறக்கிற மலையில் உட்கார்ந்துகொண்டு நதி வற்றியது என்கிறீர்கள். எந்த நதி?

ஒரு வாரமாகக் குறுந்தொகை 196ஆம் பாட்டு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இந்தப் பதில். மிளைக்கந்தன் பாடியது, ஆறே அடி. பிரிந்து போய் மறுபடி வாசலில் வந்து நிற்கிறவனிடம் தலைவியின் தோழி பேசுகிறாள். அன்று இவள் வேம்பின் பச்சைக் காயைத் தந்தாலும் வெல்லக்கட்டி என்றீர். இன்று பாரியின் பறம்புமலைச் சுனைநீரைத் தை மாதக் குளிர்ச்சியோடு தந்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர். ‘அற்றால் அன்பின் பாலே.’ அன்பு அற்றுப்போனது என்று படித்துவிடாதீர்கள். அதன் தன்மை அப்படி என்கிறாள், அவ்வளவுதான்.

தை மாத விடியலில் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் முகம் கழுவியவருக்குத் தெரியும், அந்தத் தண்ணீர் சுடுகிறது என்பது எவ்வளவு பெரிய பொய் என்று. விரல் மரத்துப்போகும்.

பாட்டில் ‘என்றனிர்’ இரண்டு முறை வருகிறது. நிலவு இல்லை, கண்ணீர் இல்லை. அன்று இப்படிச் சொன்னீர், இன்று இப்படிச் சொல்கிறீர். அவன் வாயையே அவனுக்கு எதிர்சாட்சியாக நிறுத்துகிறாள். கவிதை முழுக்க அந்த ஒரு சொல்லில் நிற்கிறது.

என் அம்மாவுக்குக் குறுந்தொகை தெரியாது. மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருட்டோடு எழுந்து ரொட்டி சுட்டு வைத்துவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர். அப்பாவுக்குத் தினமும் ஒரு குறை. ரொட்டி வேகவில்லை, சம்பலில் உப்பு கூடிவிட்டது. ஒருநாள் பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, நேரமாகிவிட்டது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியபடியே அம்மா சொன்னார்: “கட்டிக்கிட்டு வந்த புதுசுல தீஞ்ச ரொட்டிய இன்னொன்னு குடுன்னு கேட்ட வாயிதானே இது?”

அப்பா ஒன்றும் பேசவில்லை. இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

உங்கள் கடிதத்தில் உங்கள் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, கவனித்தீர்களா? ஏழு வருடமாக வாயை மூடிக்கொண்டா இருக்கிறார்? காதல் தீர்ந்தது என்று தனியாக உட்கார்ந்து தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். சரி, முதல் வருடம் நீங்கள் எதையெல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்லித் தின்றீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம், அவரிடம் படித்துக் காட்டுங்கள். திட்டினால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.