இடுப்பு ஸ்கேன் போதாது, கழுத்தையும் பாருங்கள்

உங்கள் அப்பாவுக்குக் கால் விறைக்கிறது, சட்டைப் பொத்தான் போடும்போது விரல்கள் தடுமாறுகின்றன, இடுப்பு ஸ்கேனில் தட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கழுத்துப் பகுதி எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். எல்4-எல்5 தட்டு, அதாவது இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு, லேசாகப் பிதுங்கியிருப்பதை வைத்து அந்தக் கால் விறைப்பையோ விரல் தடுமாற்றத்தையோ விளக்க முடியாது.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை குதிரைவால் போன்ற நரம்பு வேர்கள்தான். அவை நெருக்கப்பட்டால் கால் வலிக்கும், மரத்துப்போகும், தளரும், விறைக்காது. கைக்குப் போகும் நரம்புகளோ கழுத்திலிருந்து கிளம்புபவை. வயதானவருக்குக் கையும் காலும் சேர்ந்து கெடுகிறது என்றால், கழுத்தில் தேய்ந்த எலும்பும் தட்டும் தண்டுவடத்தை நெருக்குகிறதோ என்பதுதான் என் முதல் சந்தேகம். கழுத்து வலியே இல்லாமலும் இது வரும். அதனால்தான் பலருக்குத் தாமதமாகத் தெரிகிறது.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை முழுதாக மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். 10 விநாடியில் 20 முறையாவது வர வேண்டும். விரிக்கும்போது விரல் நீளாமல் மணிக்கட்டு மடங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

இது சரியாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. வைட்டமின் பி12 குறைவும் இப்படியே காட்டும், ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அதுவரை கழுத்தைச் சொடக்கெடுப்பது, திருகி மசாஜ் செய்வது அறவே வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ நடை திடீரென்று மோசமானாலோ அன்றே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள்.