பாஷாணமும் ரத்தப் புற்றுநோயும்

வணக்கம் ஐயா,

என் தங்கை வீட்டுக்காரருக்கு வேலூரில் ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிறது. தினமும் ஆர்சனிக் ஏற்றுகிறார்கள். அது நம் சித்த வைத்தியத்தில் சொல்லும் வெள்ளைப் பாஷாணம்தான் என்று படித்தேன். அப்படியானால் மருந்து நம்மிடமே இருந்திருக்கிறதே! நண்பரின் பத்து வயது மகளுக்கும் ரத்தப் புற்றுநோய். எங்கள் பக்கத்தில் பாஷாண மருந்து கொடுக்கும் வைத்தியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டச் சொல்லலாமா? இன்னொன்று, இது ஜீன் கோளாறாம். தங்கை பிள்ளைகளுக்கும் வருமா?

ஒரு வாசகர், நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் குழந்தையை அங்கே அனுப்பவே வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நீங்கள் படித்தது சரிதான். ஆர்சனிக் டிரை ஆக்சைடும் வெள்ளைப் பாஷாணமும் ஒரே பொருள். ஆனால் ரத்தப் புற்றுநோயில் எத்தனையோ வகை. உங்கள் மாப்பிள்ளைக்கு வந்திருப்பது அநேகமாக ஏபிஎல் என்று டாக்டர்கள் சொல்லும் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், டி(15;17) என்றோ பிஎம்எல்-ஆர்ஏஆர்ஏ பாசிட்டிவ் என்றோ ஒரு வரி இருக்கும். விஷயமே அந்த வரிதான்.

அதன் அர்த்தம் இதுதான்: செல்லுக்குள் ஜீன்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் 15ஆவதும் 17ஆவதும் ஒவ்வொரு துண்டை மாற்றிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் பிஎம்எல், ஆர்ஏஆர்ஏ என்ற இரண்டு ஜீன்கள் சேர்ந்து, இயல்பில் இல்லாத ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. அது வெள்ளையணுக்களை முழுதாக வளரவிடாமல் பாதியில் நிறுத்திவிடுகிறது. அந்த அரைகுறை அணுக்கள் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்கின்றன. ஆர்சனிக் போய் ஒட்டுவது இந்தப் புரதத்தின் பிஎம்எல் பாதியில். ஒட்டியதும் செல்லே அந்தப் புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. அட்ரா என்ற மாத்திரை, வைட்டமின் ஏ வழி வந்தது, மறுபாதியைப் பிடிக்கிறது. இந்தப் புரதம் இல்லாத நோயில் ஆர்சனிக்குக்கு இப்படிப் பிடிக்க எதுவும் இல்லை.

பெருமை என்று பார்த்தால் சீனர்களுக்குத்தான் போக வேண்டும். 1970களில் ஹார்பினில் ஜாங் டிங்டாங்கும் உடனிருந்தவர்களும் ஆர்சனிக், பாதரசம், தேரை விஷம் எல்லாம் கலந்த ஒரு நாட்டு மருந்தைக் கையில் எடுத்தார்கள். கும்பிட்டு வைத்துக்கொள்ளவில்லை. பிரித்துப் பார்த்தார்கள். வேலை செய்வது ஆர்சனிக், அதுவும் ஏபிஎல்லில்தான் நன்றாகக் கேட்கிறது என்பது அப்படித் தெரிந்ததுதான். பின்னாளில் மனோசிலை என்ற இன்னொரு ஆர்சனிக் பொருள் சேர்ந்த மாத்திரையைக்கூட அட்ராவோடு கொடுத்து, ஊசிக்குச் சளைத்ததல்ல என்று காட்டியிருக்கிறார்கள். நம் பாஷாணங்களுக்கு இந்த வேலையை யாராவது செய்தால் நானே முதலில் கைதட்டுவேன்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. வேலூர் சிஎம்சியில் 1998 முதல் 2004 வரை 72 ஏபிஎல் நோயாளிகளுக்கு, கீமோவை நம்பாமல், ஆர்சனிக்கை மட்டுமே முக்கிய மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுதாகத் தணிந்தது. 2006இல் அது வெளியானது. செலவு தாங்காத குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அங்கே ஒரு நாளைக்கு ஏறுவது சுமார் 10 மில்லிகிராம். இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய மருந்து என்பதால் ஈசிஜி எடுப்பார்கள், ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் பார்ப்பார்கள். உங்கள் வைத்தியரின் பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம் என்று அவருக்கே தெரியுமா?

குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் ஏஎல்எல் என்ற வேறு வகை. அதில் கீமோவை இடையில் விடாமல் முடித்தாலே பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். ஏஎல்எல்லிலும் ஜீன் பார்ப்பார்கள். பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL, மேலே சொன்ன ஏபிஎல் நோய் அல்ல) என்ற ஜீன் இணைப்பு இருந்தால் இமாடினிப் போன்ற மாத்திரையைச் சேர்ப்பார்கள். பெரியவர்களுக்கு வரும் ஏஎம்எல் என்ற இன்னொரு வகையில் எஃப்எல்டி3 என்ற ஜீன் மாறியிருந்தால் மிடோஸ்டாரின் என்ற மருந்து, அது 2017இல் வந்தது. ஆக, நண்பர் தேட வேண்டியது வைத்தியரை அல்ல, மகளின் ஜீன் ரிப்போர்ட்டை. இன்னும் எடுக்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தங்கை பிள்ளைகள். இந்தக் குரோமோசோம் மாற்றம் அப்பாவின் மஜ்ஜையில், அவர் வாழ்நாளில், ஏதோ ஒரு செல்லில் நடந்தது. பரம்பரையாக வந்ததில்லை, பிள்ளைகளுக்குப் போகவும் போகாது. தங்கைக்கு இன்றைக்கே போன் போட்டு இதைச் சொல்லிவிடுங்கள்.