ஒரே ஆட்கள்தான், வாட்ஸப்பில் ஒரு முடிவு, நேரில் இன்னொரு முடிவு: ஏன்?

சுருக்கமாகச் சொன்னால், பேசும் வழி மாறும்போது யார் பேசுகிறார், யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்பதும் மாறிவிடுகிறது.

கூட்டமாகச் சேர்ந்தால் தனியாக இருப்பதைவிடத் துணிந்துவிடுகிறோம் என்று 1961இல் ஜேம்ஸ் ஸ்டோனர் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். 1986இல் அமெரிக்காவில் சீகல், கீஸ்லர் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் மூன்று மூன்று பேராகப் பேசவைத்துப் பார்த்தபோது, கணினி வழியாகப் பேசியவர்கள் முடிவுக்கு வர நேரம் எடுத்தார்கள், ஏறக்குறையச் சமமாகப் பேசினார்கள், கடுஞ்சொல்லும் கூடியது, முதலில் நினைத்ததிலிருந்து நேரில் பேசியவர்களைவிட அதிகமாக விலகியும் போனார்கள்.

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நடந்ததைச் சொல்கிறேன். மண்சரிவு எச்சரிக்கை வந்த இரவு, வாட்ஸப் குழுவில் ஒரு அண்ணன் "ஒன்னும் ஆகாது, இருந்து பாப்போம்" என்று போட்டார், அடுத்தடுத்து கட்டைவிரல் படங்கள் விழுந்தன, பயந்தவர்கள் எதுவும் எழுதவில்லை, அந்த மௌனமே சம்மதமாகிவிட்டது. அப்புறம் மழையில் டோர்ச்சோடு வாசலில் கூடினோம். கைக்குழந்தையைத் துண்டால் மூடிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்ததும் அதே அண்ணன்தான் முதலில் பாயைச் சுருட்டினார், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம்.

அதற்காக நேர்க்கூட்டம் எப்போதும் மேல் என்று சொல்லமாட்டேன். சங்கக் கூட்டத்தில் தலைவர் பேசத் தொடங்கினால் கொழுந்து பறிக்கிற பெண்கள் வாயே திறப்பதில்லை, அவர்களே இரவில் குழுவில் குரல் பதிவு போட்டுத் தெளிவாகப் பேசுகிறார்கள்.

காசோ உயிரோ சம்பந்தப்பட்ட விஷயமென்றால் முதலில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கருத்துக் கேளுங்கள், முடிவை நேரில் எடுங்கள்.