சுவிட்சர்லாந்துக்கு நானும் மனைவியும் போகிறோம். தினம் ஒரு சிகரம் பார்ப்பதா, மலைக் கிராமத்தில் தங்குவதா?

இன்டர்லாகனில் ஐந்து நாள் அறை எடுத்து, தினமும் ஒரு சிகரம் போய்வருவதாகத் திட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அறையை மேலே ஒரு கிராமத்தில் எடுங்கள். மூன்று இரவாவது அங்கே இருங்கள். நாங்கள் 2023 ஜூன் கடைசியில் ம்யூரனில் நான்கு இரவு தங்கினோம். இருபத்தெட்டு வருடத் திருமண வாழ்க்கையில் நாங்கள் சேர்ந்து போன பயணங்களில் மனதுக்கு நெருக்கமானது அதுதான்.

சூரிக் விமான நிலையத்திலிருந்து இன்டர்லாகன் வர ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து 20 நிமிடத்தில் லாட்டர்ப்ருனன். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவில் ஊர், ஊரின் தலைமாட்டில் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற ஷ்டாப்பாக் அருவி. பாதி வழியிலேயே தண்ணீர் காற்றில் பொடியாகிவிடும். அந்தப் பெயருக்கு அர்த்தமே தூசி ஓடை. ஊர் மத்தியிலிருந்து ரோப் காரில் க்ரூச்சால்ப் ஏறி, அங்கே ஒரு குட்டி ரயில் பிடித்தால் ம்யூரன். அந்த ரயில் 1891 முதல் ஓடுகிறது. ரோப் காரின் அடியில் ஒரு சரக்குத் தட்டு தொங்கும். எங்கள் பெட்டிகளும் மளிகைச் சாமான்களும் அதில்தான் மேலே வந்தன. ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கும் சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் ம்யூரன் வரை தனி டிக்கெட் வேண்டாம். எதிர்ச்சரிவில் இருக்கும் வெங்கனுக்கும் அப்படித்தான். இரண்டு ஊரிலும் சுற்றுலாக்காரர் கார் எதுவும் ஏற முடியாது.

ஏன் இரவு தங்கச் சொல்கிறேன் என்றால், பகலில் ம்யூரன் தெருவில் இருப்பது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். மாலையில் அவர்கள் இறங்கிப் போன பிறகுதான் ஊர் தன் முகத்தைக் காட்டும். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். எதிரே ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போலத் தெரியும். வீட்டு வாசல்களில் விறகை அளவெடுத்தது போல அடுக்கியிருப்பார்கள். பழைய வீடுகளின் முகப்பு மரத்தில் கட்டிய வருடம் செதுக்கியிருக்கும். எதிரில் வருகிறவர் 'க்ரூயெஸ்ஸெக்' என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கடப்பார். இரண்டாம் நாளே நாங்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

மூன்றாம் நாள் காலை ம்யூரனிலிருந்து கிம்மல்வால்டுக்கு நடந்தோம். நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். இறக்கம்தான், நின்று நின்று போனாலும் முக்கால் மணி நேரம். வழியில் ஒரு சரிவில் வயதான கணவன் மனைவி புல் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் போக முடியாத ஓரங்களை அவர் நீளக் காம்பு வைத்த அரிவாளால் அறுக்க, அந்த அம்மா சீப்பு மாதிரி மரப்பல் வைத்த கழியால் காய்ந்ததைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி கோபிச்செட்டிபாளையம் பக்கம், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். அப்படியே நின்றுவிட்டாள். பாதையோரம் கிடந்த புல்லை ஒரு பிடி எடுத்து, கசக்கி, மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "ஏனுங்க, இது இன்னும் காயலைங்க. இப்பக் கட்டினா புழுங்கிப் போயிருமுங்க" என்றாள். அந்த அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, சிரித்தபடி வந்து, புல்லை வாங்கி அவரும் கசக்கி, ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு கழியை நீட்டினார். இவளும் செருப்பை உதறிவிட்டு வாங்கிக்கொண்டாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் புல்லைப் புரட்டிப் போட்டார்கள். ஒரு வார்த்தைகூட இருவருக்கும் பொதுவாக இல்லை. அந்தப் புல்லில் ஊதாவும் மஞ்சளுமாக எத்தனை பூக்கள்! காயக் காய ஏலக்காயும் தேனும் கலந்தது போல ஒரு வாசனை. அவள் துப்பட்டாவில் ஊருக்கு வரும்வரை அது இருந்தது.

அங்கே 'ஆல்ப்' என்றால் சிகரம் இல்லை, கோடைகால மேய்ச்சல் நிலம். வெயில் காலத்தில் மாடுகள் மேலே போய்விடும். கீழே ஊரைச் சுற்றி உள்ள புல்லை அறுத்துக் காயவைத்தால்தான் பனிக்காலத்துக்குத் தீனி. அறுக்காமல் விட்டால் புதர் ஏறி, பிறகு காடாகிவிடும். அதனால் சரிவு கூடக்கூட அரசு கூடுதலாக மானியம் தருகிறது. மேய்ச்சலுக்கு மாடுகளை ஏற்றி இறக்கும் இந்த வழக்கத்தை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். படத்தில் பார்த்து வியக்கும் அந்தப் பச்சை, அப்படிப்பட்ட கைகள் வருடா வருடம் அறுத்து வளர்க்கும் பச்சை.

ரயிலிலேயே ஏறிப் போகக்கூடிய பனிமலைக் கணவாயான யுங்ஃப்ராவ்யோக்குக்கு நாங்கள் போகவில்லை. 3,454 மீட்டர் உயரம், மனைவிக்கு ரத்த அழுத்தம். முழு டிக்கெட் ஆளுக்கு 200 ஃப்ராங்கைத் தாண்டும். உடல்நலமும் கையிருப்பும் ஒத்துழைத்தால் நீங்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் முன்கூட்டியே டிக்கெட் வாங்காமல், காலையில் அந்த இடத்தின் நேரலை கேமராவை இணையத்தில் பார்த்து, வானம் தெளிந்திருந்தால் மட்டும் கிளம்புங்கள். யுங்ஃப்ராவ்யோக்குக்குப் பதில் நாங்கள் ட்ரூமல்பாக் போனோம். மூன்று சிகரங்களின் பனியும் உருகி, மலைக்குள்ளேயே பத்து அருவிகளாக இடி போல இறங்குகிறது. கட்டாயம் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு, சமையலறை உள்ள அறை எடுங்கள். அரிசியும் தயிரும் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். தெருத் தொட்டிகளில் விழும் தண்ணீரைக் குடிக்கலாம், 'குடிநீர் அல்ல' என்று எழுதியிருந்தால் தவிர. கிம்மல்வால்டில் ஆளில்லாக் கடை உண்டு. வேண்டியதை எடுத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியில் போட வேண்டும். அதனால் சில்லறை ஃப்ராங்க் கையில் இருக்கட்டும்.

2025 மே 28 அன்று நாங்கள் தங்கிய பகுதியின் மலைச் சுவருக்கு மறுபுறம் இருக்கும் பள்ளத்தாக்கில், ப்ளாட்டன் என்ற கிராமத்தின் பெரும்பகுதி பனிப்பாறையும் மலையும் சரிந்து புதைந்துபோனது. செய்தி பார்த்ததும் மனைவி கேட்டது, "அந்தம்மா ஊருங்களா?" இல்லை என்று வரைபடத்தில் காட்டினேன். ஊர்க்காரர் சுமார் 300 பேரையும் சில நாள் முன்பே வெளியேற்றிவிட்டார்கள் என்று படித்துச் சொன்னேன். அப்படியும் அந்தப் பகுதியில் ஒருவர் இறந்துபோனார். "மாடெல்லாம்?" என்றாள். மாடுகளையும் கொண்டுபோய்விட்டார்கள், நடக்க முடியாத ஒன்றை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள் என்றேன். அந்தப் படத்தைத் தேடி எடுக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.