கேட் முன்னால் நிற்கிறவர்களுக்கு என்ன பதில்?

வணக்கம் அக்கா,

ஓசூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் (நிறுவனத்தின் சார்பில் வெளியே பேசுகிற, எழுதுகிற) பிரிவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். போன தை மாதம் எங்கள் பெயின்ட் ஷாப்பில் தீப்பிடித்து 4 பேருக்குக் காயம். நல்லவேளையாக எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அன்று எங்களிடம் ஒரு விவரமும் சொல்லாமல் அறிக்கை மட்டும் எழுதச் சொன்னார்கள். இப்போது மேலாளர், "பேர் கெட்டுப்போச்சு, நல்ல செய்தியா நாலு போடுங்க" என்கிறார். வீட்டில்கூட என் வேலையை முகத்துக்குப் பவுடர் பூசுகிற வேலை என்கிறார்கள். விழுந்த ஒரு நிறுவனம் எழுந்திருப்பதில் எங்களுக்கு உண்மையிலேயே பங்கு இருக்கிறதா?

மா., ஓசூர்

அன்புள்ள மா.,

நிச்சயமாக இருக்கிறது. ஆனால் உங்கள் மேலாளர் தேடுகிற இடத்தில் இல்லை. வெளியே ஜனங்கள் என்ன கேட்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதை உள்ளே முடிவெடுக்கிறவர்கள் காதில் போடுவதுதான் நம் வேலையில் முக்கால்வாசி. அறிக்கை எழுதுவது மீதி கால்வாசி.

டைலெனால் கதையைப் படித்திருப்பீர்கள். 1982 செப்டம்பர் கடைசியில், அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் அந்த வலி மாத்திரையைச் சாப்பிட்ட 7 பேர் இறந்துபோனார்கள். யாரோ காப்ஸ்யூல்களில் சயனைடைக் கலந்து பாட்டில்களைக் கடை அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது; 10 கோடி டாலருக்கு மேல் செலவு. இதை மக்கள் தொடர்பு வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒரு சின்ன விஷயம். "எங்கள் ஆலையில் சயனைடே கிடையாது" என்று அந்த நிறுவனத்தார் முதலில் நிருபர்களிடம் சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, தரப் பரிசோதனைக் கூடத்தில் கொஞ்சம் பயன்படுத்துகிறார்கள் என்று. அந்தச் சயனைடுக்கும் சாவுகளுக்கும் சம்பந்தமில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் யாருக்கும் தோன்றும். ஆனாலும் முன்பு சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தத் திருத்தம் இல்லாமல் வேறு யாராவது அதைக் கண்டுபிடித்து எழுதியிருந்தால், நிறுவனம் அதற்குப் பிறகு சொன்ன எதையும் யார் நம்பியிருப்பார்கள்?

அங்கே மக்கள் தொடர்புத் தலைவராக இருந்த லாரன்ஸ் ஃபாஸ்டர், தலைவர் ஜேம்ஸ் பர்க்கோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசக்கூடியவர். முடிவெல்லாம் எடுத்து முடித்த பிறகு கூப்பிட்டு எழுதச் சொல்லப்பட்டவர் இல்லை. சில வாரங்களில் மூன்று அடுக்குப் பாதுகாப்போடு புதுப் பாட்டில் வந்தது, விட்ட சந்தையையும் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் பிடித்தார்கள். 1986-ல் மறுபடி ஒரு பெண் அதே மாதிரி இறந்தபோது, இனிமேல் காப்ஸ்யூலே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது மாறிய பாட்டிலைப் பார்த்துத்தான். அதைச் சொல்லத்தான் அறிக்கை.

நம் ஊரில் நடந்தது மேகி. 2015 மே மாதம் முழுக்க, அந்த நூடுல்ஸில் ஈயம், ஈயம் என்று டிவியில் ஓடியது. அதைத் தயாரிக்கும் நெஸ்லே பேசியது குறைவு, பேசியதும் ஆய்வக பாஷையில். பிள்ளைக்கு நேற்று ராத்திரி அதைக் கிண்டிக் கொடுத்த அம்மாவுக்கு அதில் பதிலே இல்லை. ஜூன் 4-ஆம் தேதி தமிழ்நாடு அரசு 3 மாதத் தடை போட்டது. மறுநாள் நாடு முழுக்கத் தடை. நெஸ்லேயின் அப்போதைய தலைமை நிர்வாகி பால் புல்கே டெல்லிக்கு வந்து நிருபர்களைச் சந்தித்ததும் அன்றுதான். ஆகஸ்ட் 13-ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்து மறு பரிசோதனைக்கு உத்தரவிட்டது. அதில் தேறி நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. ஆய்வகம் கடைசியில் அவர்கள் பக்கம்தான் நின்றது. அப்படியும் ஆயிரக்கணக்கான டன் நூடுல்ஸை எரிக்க வேண்டிவந்தது. நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற தைரியத்தில் பேசாமல் இருந்துவிடுவது எவ்வளவு ஆபத்து என்று அப்போது பார்த்தோம்.

சரி, உங்கள் தீ விபத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, உங்களிடம் விவரமே சொல்லவில்லை என்ற வரி. பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஆலையில் இரவு ஷிஃப்டில் பாய்லர் வெடித்தது. விடிவதற்குள் கேட் முன்னால் நூறு பேர். மாடியில் நாங்கள் "துரதிர்ஷ்டவசமான நிகழ்வு" என்று ஆங்கிலத்தில் எழுதி, வக்கீலுக்கு அனுப்பி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தோம். கீழே பதில் சொல்ல இருந்தது வாட்ச்மேன் ஒருவர்தான். அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு அம்மா தூக்குச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "எம்புள்ள சாப்புட வருவானா, அத மட்டும் சொல்லுங்க" என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நேர அலுவலகத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டை வாங்கினேன். பத்திரமாக இருந்த 61 பேரின் பெயரையும் அப்பா பெயரோடு தமிழில் எழுதி, கேட்டில் நின்று சத்தமாகப் படித்தேன். அந்த அம்மாவின் மகன் பெயர் நாற்பதுக்கு மேல் எங்கோ வந்தது. அவர் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் என்னிடம் அனுமதி கேட்டாயா என்று கேட்கவில்லை. அறிக்கை மத்தியானம்தான் வெளியே போனது. அதை யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

அதனால் நல்ல செய்தி நாலு எழுத உட்காருவதற்கு முன்னால் பெயின்ட் ஷாப்புக்குப் போய்ப் பாருங்கள். தைக்குப் பிறகு அங்கே என்ன மாறியிருக்கிறது? தீயணைப்புக் கருவியா, வெளியேறும் வழியா, பயிற்சியா? மாறியிருந்தால் அதுதான் செய்தி. பத்திரிகைக்குக் கொடுக்கும் முன் கேன்டீன் சுவரில் ஒட்டுங்கள். தமிழில் மட்டும் போதாது. உங்கள் ஊரில் கன்னடமும் தெலுங்கும் வேண்டும், வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்தியும் வேண்டும். காயம்பட்ட நாலு பேர் வீட்டுக்கும் மேலாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேமரா வேண்டாம்.

ஒன்றுமே மாறவில்லை என்றால், அதை ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, மேலாளருக்குக் கொடுங்கள். ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா