15 டைவ் இருந்தும் அனுமதி ஏன் நின்றது?

ஆய்வுக்காக டைவ் (மூச்சுக்கருவியோடு நீருக்கடியில் இறங்குவது) செய்கிறேன், 15 டைவ் இருந்தும் பல்கலைக்கழகம் டைவ் அனுமதியை நிறுத்திவிட்டது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். எண்ணிக்கையில் தப்பில்லை, ஆழத்தில்தான் சிக்கல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஏஏயூஎஸ் (ஆய்வு டைவிங்குக்கு விதி வகுக்கும் அமெரிக்க அமைப்பு) விதிப்படி, 12 மாதத்தில் 12 டைவ் போதும். ஆனால் ஒவ்வொரு 6 மாதத்துக்கும் ஒன்றாவது உங்கள் அனுமதி ஆழத்தை ஒட்டி இருக்கணும். உங்களுக்கு 100 அடி அனுமதி. எழுதியிருப்பதைப் பார்த்தால் 15 டைவும் 20, 25 அடியில் பாசி எடுக்கப் போனவை.

லாக்புக்கை (டைவ் பதிவேடு) திறந்து, ஆழம் எழுதும் கட்டத்தை மட்டும் விரலால் ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவை நான் ‘மாதிரி 6 பை’ என்று எழுதிவிட்டு ஆழத்தைக் காலியாக விட்டுவிட்டேன். டைவ் கம்ப்யூட்டரில் (ஆழத்தைத் தானே பதியும் கருவி) பதிவு இருந்ததால் தப்பித்தேன். உங்களுடையதிலும் பாருங்கள்.

அப்படி எழுதாமல் விட்ட ஆழமான டைவ் எதுவும் இல்லையென்றால் டைவிங் பாதுகாப்பு அதிகாரியிடம் மறு சோதனை டைவ் கேளுங்கள். அதற்கு முன் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவி), ஆக்சிஜன் முதலுதவி, மருத்துவச் சான்று மூன்றின் தேதியையும் பார்த்துவிடுங்கள். அவற்றில் ஒன்று காலாவதியானாலும் இதே கதைதான்.

ஒன்று, ஏஏயூஎஸ் சொல்வது குறைந்தபட்சம்தான். உங்கள் பல்கலைக்கழகக் கையேடு இன்னும் கறாராக இருக்கலாம், அப்போது அதுதான் செல்லும். அனுமதி திரும்பி வரும்வரை ‘சும்மா 10 அடிதானே’ என்று ஆய்வுக்காக இறங்க வேண்டாம்.