காமாக் கதிரும் வெறும்வெளிக் காந்தப்புலமும்: கேட்டதும் சொன்னதும்

நான் கோபிக்காரி. பிளேசர்களோட காமாக் கதிரைக் கணினியில மாதிரியாக்கம் பண்ற போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்கு அப்புறமான ஒப்பந்த ஆராய்ச்சி) வேலையில இருக்கேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் இங்கே.

பொள்ளாச்சி, எம்.எஸ்சி. மாணவி: அக்கா, விண்மீனே இல்லாத வெளியில காந்தப்புலத்தை எப்படிங்க்கா அளக்கறீங்க?

வராத வெளிச்சத்தை வெச்சுத்தான் கண்ணு. பிளேசர்ங்கிறது ராட்சதக் கருந்துளையில இருந்து நம்ம பக்கமா பீய்ச்சுற ஜெட். அதுல கிளம்புற டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஃபோட்டான் (ஒளித்துகள்), வழியில அகச்சிவப்பு ஒளியில மோதி எலக்ட்ரான், அதோட எதிர்த்துகளான பாசிட்ரான்னு ஜோடியா மாறும். அந்த ஜோடி பெருவெடிப்போட மிச்சமான நுண்ணலையை முட்டி, ஆற்றல் ஆயிரம் மடங்கு குறைஞ்ச கிகா எலக்ட்ரான் வோல்ட் ஒளியா நமக்கு அனுப்பணும். 1இஎஸ் 0229+200ங்கிற பிளேசரோட டெரா ஒளியை நமீபியாவுல இருக்கிற ஹெஸ் காமாக் கதிர் தொலைநோக்கி பார்த்துடுச்சு. ஆனா 2008-ல ஏவின ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கிக்கு அந்த இரண்டாம் ஒளி கணக்குப்படி வரலை. காந்தப்புலம் ஜோடியை வளைச்சு வேற திசைக்குத் திருப்பியிருந்தா அப்படித்தான் ஆகும். 2010-ல நெரோனோவ், வோவ்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்குல புலம் குறைஞ்சபட்சம் 3×10⁻¹⁶ காஸ் (காந்தப்புல அலகு). கோயமுத்தூர்ல பூமியோட புலமே சுமார் 0.4 காஸ், அதுல ஆயிரம் லட்சம் கோடியில ஒரு பங்குன்னு வெச்சுக்கோ.

ஈரோடு, பள்ளி ஆசிரியர்: வேறு காரணம் இருக்கக் கூடாதாங்க?

இருக்கலாம் சார். ஜோடிகள் பிளாஸ்மா அலைகள்ல ஆற்றலை இழந்து வெளியைச் சூடாக்கிடும்னு 2012-ல ஒரு வாதம் வந்துச்சு, இன்னும் தீரலை. இன்னொண்ணு, வளைஞ்ச பாதை நீளம். பிளேசர் கொஞ்ச வருஷமாத்தான் எரியுதுன்னா, அந்த ஒளி இன்னும் வழியிலயே இருக்கும். அப்போ அந்தக் கீழ்வரம்பு இறங்கிடும். அதனால எத்தனை வருஷம் எரிஞ்சதுன்னு பல விதமா மாத்தி ஓட்டிப் பார்க்காம, ஒரே எண்ணை மட்டும் தர்ற கட்டுரையை நான் நம்பறதில்லைங்க.

திருப்பூர், மென்பொருள் வேலை: பைத்தான் தெரியும். உள்ளே வர முடியுமாங்க்கா?

பழகிப் பார்க்கத் தடையே இல்லீங்க தம்பி. ஃபெர்மி தரவு எல்லாருக்கும் இலவசம். காமாக் கதிர் தரவை அலசுற காமாபை, துகள்கள் வெளியில பயணிக்கிறதை மாதிரியாக்குற சிஆர்புரோபா ரெண்டும் திறந்த மூல நிரல்கள். ஒரே ஒரு பிளேசரோட நிறமாலையைப் பொருத்திப் பாருங்க. ஆனா பிஎச்.டி. பண்ணணும்னா இயற்பியல் அடிப்படை கட்டாயம் வேணும். இயற்பியல் பிஎச்.டி. நுழைவுத் தேர்வான ஜெஸ்ட்டுக்குப் படிங்க.

கோவை, ஒரு அம்மா: பொண்ணு பிஎச்.டி. முடிச்சும் போஸ்ட்டாக்குங்கறா. நிரந்தர வேலை எப்பங்க?

அதுவும் சம்பள வேலைதானுங்கம்மா, படிப்பு இல்லை. பெரும்பாலும் ரெண்டு, மூணு வருஷ ஒப்பந்தம். ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு போறவங்க நிறைய. நிரந்தர இடங்கள் குறைவுங்கிறது நெசம்; உங்க கவலை நியாயமானது. அவளோட உட்கார்ந்து, எதுவரைக்கும் முயற்சி பண்ணலாம்னு மனசு விட்டுப் பேசிடுங்க.

மேட்டுப்பாளையம், பிளஸ் டூ: நம்ம பக்கத்துல ஏதாச்சும் இருக்குதாங்க?

மலையேறினா ஊட்டியில டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) நடத்துற கிரேப்ஸ்-3ங்கிற காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கு. ஆறு மீட்டர் நீளச் சதுர இரும்புக் குழாய்களை அடுக்கி, மேல ரெண்டு மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் போட்டிருக்காங்க. அதைத் துளைச்சு வர்றது மியூவான், எலக்ட்ரான் மாதிரி ஆனா கனமான துகள். காமாக் கதிர் காத்துல மோதிக் கிளப்புற துகள் மழையில மியூவான் ரொம்பக் கம்மி. அதை வெச்சுத்தான் காமாவை மத்த காஸ்மிக் கதிர்ல இருந்து பிரிக்கிறாங்க. லடாக் ஹான்லேல 21 மீட்டர் மேஸ் காமாக் கதிர் தொலைநோக்கியும் இருக்கு சாமி.